பண்ணறிந்த பேய்

(திருகோணமலையில் வாசகர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையிலுள்ள பெரியோர்களுக்கும் முன்வரிசைகளை நிறைத்திருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் என் வணக்கம்.

இளையோருக்கான மர்ம நாவல்களைப் பற்றி, அவற்றுள்ளும் பேயும் இசையும் சேர்ந்து வரும் நாவல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். படிக்கிற பிள்ளைக்குப் பேய்க்கதை எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இங்கேயும் இருப்பார்கள். சில மாதங்களுக்கு முன்வரை நானும் அப்படிக் கேட்டவள்தான்.

மின்சாரம் தடைப்பட்டிருந்த ஓர் இரவில் என் மகள் டோர்ச் வெளிச்சத்தில் அத்தகைய நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். பழைய பாடசாலையொன்றின் பூட்டிய இசைக்கூடத்திலிருந்து இரவுதோறும் வயலின் ஓசை வருகிறது. அந்த மெட்டு எப்போதும் ஒரே இடத்தில், முடிவதற்குச் சற்று முன்னால், அறுந்து நிற்கிறது. அவள் அந்தப் பக்கத்தை எட்டிய வேளையில் துறைமுகத்திலே கப்பலொன்று நீளமாக ஊதியது. ஊதல் ஓய்ந்தபின் அறை மூலையிலிருந்து மெல்லிய ரீங்காரம் எழுந்தது. "அம்மா, அம்மம்மாட வீணை தானாச் சத்தம் போடுது" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் தாயார் காலமான பிறகு அந்த வீணையை யாரும் தொட்டதில்லை.

பௌதிகவியல் படிக்கும் மாணவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். ஒலிக்கும் இசைக்கவையை, கம்பியை இழுத்துக் கட்டிய சுரமானிப் பெட்டியில் ஊன்றினால், கவையின் அதிர்வெண்ணும் கம்பியின் அதிர்வெண்ணும் ஒத்துப்போகும் கணத்தில், கம்பியின்மேல் வைத்த சிறு கடதாசித் துண்டு துள்ளி விழும். கப்பலின் ஊதலுக்கு வீணைத் தந்தி ரீங்கரித்ததும் அப்படித்தான். அதற்கு நம் பாடநூல்கள் வைத்திருக்கும் பெயர் பரிவு. ஒரு கம்பி நடுங்குவதைக் கேட்டு, யாரும் தொடாமலே இன்னொரு கம்பி நடுங்குவதற்கு இரக்கத்தைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தவர் யாராயினும் அவரை நான் வணங்குகிறேன்.

இசை வரும் பேய்க்கதையும் இந்தப் பரிவினால்தான் நடக்கிறது. வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாக எதிரில் வந்து நிற்கும் பேயைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம். காதுக்கு இமை இல்லை. ஆகவே ஒலியாக மட்டும் வரும் பேய் வாசகரை விடாமல் பற்றிக்கொள்கிறது. முதல் இரண்டு அத்தியாயங்களில் "இது யார்?" என்று நடுங்குகிற பிள்ளை, ஐந்தாவது அத்தியாயத்தில் "ஏன் அந்த இடத்திலேயே நிறுத்துகிறாள்?" என்று கேட்கத் தொடங்குகிறது. துப்பறியும் சிறுமிக்குக் கைரேகையோ காலடித்தடமோ கிடைப்பதில்லை. விடுபட்ட சில சுரங்களே அவளுக்குத் துப்பு. பாடலை முடித்துக் கொடுத்தால் மர்மமும் அவிழும் என்று தெரிந்தபின், அச்சத்தைவிட அந்த மெட்டை முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்பே பக்கங்களைப் புரட்டவைக்கிறது. கடைசி அத்தியாயத்தில் ஒரு கடத்தல்காரனைக் கொண்டுவந்து, அவன் ஒளித்துவைத்த ஒலிப்பெட்டிதான் பாடியது என்று கதையை முடிக்கும் நாவல்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. அத்தனை நாள் கூர்ந்து கேட்ட பிள்ளையை அவை ஏமாற்றிவிடுகின்றன.

பேயையும் இசையையும் சேர்ப்பது வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று எண்ண வேண்டாம். தம்மைக் காரைக்காற்பேய் என்று தாமே அழைத்துக்கொண்ட காரைக்கால் அம்மையார், வற்றிய உடலும் குழிந்த வயிறுமாகப் பேய் அலறும் ஈமக்காட்டைப் பாடும் அதே பதிகத்தில், துத்தம், கைக்கிள்ளை, விளரி, தாரம், உழை, இளி என்று சுரங்களையும், வீணை, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை என்று கருவிகளையும் வரிசையாக அடுக்குகிறார். பேயைக் கண்டு நடுங்கவைக்கும் பாட்டு, ஓர் இசைக்கலைஞர் தாம் கற்றதையெல்லாம் சொல்லி மகிழும் பாட்டாகவும் இருக்கிறது. நம்முடைய ஊருக்கும் இதில் பங்குண்டு. திருஞானசம்பந்தர் கடல் கடந்து இங்கே வரவில்லை. இராமேச்சரத்தில் இருந்தவாறே கோணேசரைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. கண்ணால் காணாத அந்தத் தலத்தை அவர் "நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும்" என்று ஒலியிலிருந்தே தொடங்குகிறார். பாட்டின் முடிவிலும் குரைகடல் ஓதம் முத்தைக் கொழித்துக்கொண்டிருக்கிறது. கோணேசர் கோயில் நிற்கும் நம் சுவாமிமலை உச்சியில் மாலைப் பூசை நேரத்தில் கண்ணை மூடி நின்று பாருங்கள்: மணியோசையும், கீழே பாறையில் மோதும் அலையோசையும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று உங்களால் சொல்ல முடியாது. அப்படிக் கேட்கத் தெரிந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே இத்தகைய நாவல்கள் முழுதாகத் திறக்கின்றன என்பது என் துணிபு.

மகள் அந்த நாவலை உடனே முடிக்கவில்லை. கடைசி இருபது பக்கங்களை மீதம் வைத்துவிட்டு, வீணைக்குப் புதுத் தந்தி போட்டுத் தரும்படி கேட்டாள். தந்தி மாற்றிச் சுருதி சேர்த்த அன்று மாலையில், ஒரு கையை வீணைக் குடத்தின்மேல் வைத்தபடி அதன் அருகிலேயே அமர்ந்து வாசித்து முடித்தாள். முடிவு என்னவென்று நான் கேட்டேன். "நீங்களே வாசியுங்கோ அம்மா" என்று புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டாள்.