பீர் கெடவில்லை, நான்தான் தப்பாக அளந்தேன்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் தெரிகிற அந்த வெள்ளை வாளியில் இருப்பது 23 லிட்டர் பீர், என் முதல் பீர். கையில் இருக்கிற இந்தக் கண்ணாடிக் குச்சிதான் ஹைட்ரோமீட்டர். இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடாத ஆள் இதுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க இங்கே 1963-லிருந்து லைசென்ஸ் தேவையில்லை. தமிழ்நாட்டில் அது குற்றம். அங்கிருந்து பார்ப்பவர்கள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊரில் பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, இதுவும் அதே வேலைதான். வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை கரைந்திருந்தால் குச்சி மேலே எழும்பி, எண் கூடும். ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர்தான் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவது; அது சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும். முதல் எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் வந்துவிடும். கணக்கு இவ்வளவுதான். நான் மாட்டிக்கொண்டது அளந்த இடத்தில்.

கடையில் வாங்கிய பீர் கிட்டில் 1.7 கிலோ மால்ட் சிரப், அதாவது முளைகட்டிய தானியத்தின் பாகு, இருந்தது. அதோடு ஒரு கிலோ சர்க்கரை. மூன்று லிட்டர் கொதிநீரில் இரண்டையும் கரைத்து, மீதிக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். கரண்டியை நாலு சுற்று சுற்றிவிட்டு, மேலாக ஒரு கப் மொண்டு அளந்தால் 1.024. எதிர்பார்த்தது 1.039. பகீரென்றது. யோசிக்காமல் இன்னும் அரை கிலோ சர்க்கரையை உள்ளே கொட்டிவிட்டேன்.

கொட்டிய பிறகுதான் சந்தேகம் வந்தது. வாளியின் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து பிடித்தேன். 1.060! அந்தக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே நெளிநெளியாகச் சிரப் ஓடுகிறது. நன்னாரி சர்பத்தைக் கலக்காமல் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் அடியில் பாகு, மேலே தண்ணீர் என்று வருமே, அதேதான். அப்புறம் ஐந்து நிமிடம் கை வலிக்கக் கலக்கினேன்.

சிரப் கிட்டில் முதல் எண் ரொம்ப விலக வழியே இல்லை. போட்ட சர்க்கரை எங்கே போகும்? 1.039-இல் கடைசியில் வருகிற 39-ஐத்தான் புள்ளி என்கிறேன். ஒரு லிட்டர் கணக்கில் மால்ட் சிரப் கிலோவுக்குச் சுமார் 300 புள்ளி, சர்க்கரை சுமார் 380. 1.7 கிலோ சிரப்பின் 510-ஐயும் ஒரு கிலோ சர்க்கரையின் 380-ஐயும் கூட்டி 23 லிட்டரால் வகுத்தால் கிட்டத்தட்ட 39. அதாவது 1.039. ஹைட்ரோமீட்டர் வேறு எதைச் சொன்னாலும் முதலில் கலக்குங்கள். என் அரை கிலோ அவசரத்தால் அது 1.047 ஆகிவிட்டது. நாலு சதவீதத்தில் நிற்கவேண்டிய பீர் ஐந்தைத் தாண்டிவிட்டது.

சூட்டையும் பாருங்கள். என் குச்சியில் 20 டிகிரி என்று அச்சடித்திருக்கிறது. நான் அளந்தபோது 32. சூடான திரவம் லேசாக இருப்பதால் எண் குறைவாகக் காட்டும், அந்தச் சூட்டுக்கு மூன்று புள்ளி கூட்டிக்கொள்ளவேண்டும். ரொம்பச் சூடாக இருந்தால் அட்டவணையை நம்பாமல் ஆறவிட்டு அளப்பதே மேல்.

பத்தாம் நாள் அடுத்த பீதி. 1.016, இன்னும் கீழே இறங்கியிருக்கவேண்டும். வாளி மூடியில் வாயு வெளியேறுகிற ஏர்லாக்கில் குமிழி ஒன்றுகூட இல்லை. ஈஸ்ட் செத்துவிட்டது என்று புது பாக்கெட் வாங்கக் கிளம்பிவிட்டேன். செருப்பு மாட்டும்போது இன்னொரு தடவை பார்ப்போமே என்று திரும்பி வந்தேன். குச்சியைச் சுற்றிப் பொடிப்பொடியாக வாயுக் குமிழிகள் ஒட்டியிருந்தன. அவைதான் அதைத் தூக்கிப் பிடித்திருந்தன. நம்ம வீட்டுக்குத் தெரிந்த வைத்தியம்தான்: டபராவுக்கும் டம்ளருக்குமாக, காபி ஆற்றுகிற மாதிரி இருபது தடவை ஆற்றினேன். நுரை அடங்கியதும் அளந்தால் 1.013.

சரி, குச்சியே சரிதானா? 20 டிகிரித் தண்ணீரில் போட்டேன். 1.002. உள்ளே இருக்கிற காகித அளவுகோல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது போல. ஆக எல்லா அளவிலும் இரண்டு கழிக்கவேண்டும். உண்மையான எண் 1.011. ஈஸ்ட் உயிரோடுதான் இருந்தது, நான்தான் கொல்லப் பார்த்தேன். வாங்கிய அன்றே செய்திருக்கவேண்டிய சோதனை இது, இரண்டு நிமிட வேலை.

ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்களே, ஆல்கஹால் வந்த பிறகு அது நேராக உண்மை சொல்லாது, தனியாகத் திருத்தக் கணக்கு போடவேண்டும்.

முந்தாநாள் 1.008, நேற்றும் 1.008, இன்றும் அதே. எண் அசையாமல் நின்ற பிறகுதான் பாட்டிலில் அடைக்கிறேன். இல்லையென்றால் மிச்சச் சர்க்கரை உள்ளேயே புளித்துப் பாட்டில் வெடிக்கும்.

அளந்ததைத் திரும்ப வாளியில் ஊற்றக் கூடாது, கிருமி போகும். அதனால் குடித்துப் பார்த்தேன். வாயு இல்லாத வெதுவெதுப்பான பீர். சுமார்தான், ஆனால் புளிப்பு ருசி இல்லை. அந்த டபரா செட்டை மட்டும் என் மனைவி என் பக்கம் தள்ளி வைத்துவிட்டாள், இனிமேல் அது காபிக்கு இல்லையாம்.