கையெழுத்து விழும்வரை எதையும் நம்பாதீர்கள்: கார்லோஸ் கொரேயா கதை

வணக்கம் மக்களே. அமெரிக்க பேஸ்பாலில் உலகத் தொடர் முடிந்துவிட்டது. இனி பிப்ரவரி நடுவில் பயிற்சி முகாம் தொடங்கும்வரை மைதானத்தில் ஆட்டம் கிடையாது. ஆனால் செய்திக்கு மட்டும் ஓய்வே இல்லை. இவர் அந்த டீமுக்குப் போகிறார், அவரை ட்ரேட் பண்ணி வேறு அணிக்கு அனுப்பப் போகிறார்கள், "யாரென்று தெரியாத ஒரு டீம்" திடீரென்று களத்தில் குதித்திருக்கிறது என்று தினமும் பத்து வதந்தி வருகிறது. இதில் எதை நம்புவது என்று கமெண்டில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் கார்லோஸ் கொரேயாவின் கதையைத்தான் பதிலாகச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இது குழப்பமாக இருக்கும். அங்கே ஒரே மேடை, எல்லார் கண்முன்னாலும் விலை ஏறும், சுத்தியல் விழுந்தால் முடிந்தது. இங்கே மேடையே இல்லை. முப்பது அணிகளும் ஏஜென்ட்டுகளும் போனிலும் ஹோட்டல் அறைகளிலும் பேசிக்கொள்கிறார்கள். ஒரு அணி மொத்தமாக இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்ற உச்சவரம்பும் கிடையாது. ஒரு எல்லையைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். அதனால் பேச்சு மூன்று மாதம் இழுக்கும், சில சமயம் மார்ச் வரைக்கும்கூடப் போகும்.

சரி, ஃப்ரீ ஏஜென்ட் ஆவது என்றால் என்ன? எந்த அணிக்கு ஆடுவது என்று ஆட்டக்காரர் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை. முதல்நிலையான மேஜர் லீக்கில் ஆறு வருட சர்வீஸ் முடித்தவருக்குத்தான் அது கிடைக்கும். ஒரு வருடம் என்று கணக்கில் சேர 172 நாள் அணியில் இருக்க வேண்டும். 2015இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட்டை சீசன் தொடங்கிச் சில நாள் கழித்து மைனர் லீக்கிலிருந்து மேலே கூப்பிட்டது. அவருக்குக் கிடைத்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் அவருடைய ஃப்ரீ ஏஜென்சி முழுதாக ஒரு வருடம் தள்ளிப் போனது. அவர் முறையீடு செய்தார், 2020இல் தோற்றுப் போனார். அந்தத் தீர்ப்பை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அந்த ஆறு வருடத்தில் ஆட்டக்காரரைக் கேட்காமலேயே அவரை எங்கே வேண்டுமானாலும் ட்ரேட் பண்ணலாம். ஹுவான் சோட்டோவைப் பாருங்கள். 2022இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் கொடுத்த 15 வருடம், 440 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்றார். ஆகஸ்டில் சான் டியேகோவுக்கு அனுப்பப்பட்டார். 2023 டிசம்பரில் அங்கிருந்து நியூயார்க் யாங்கீஸுக்கு. இரண்டு முறையும் பெட்டியைக் கட்டியது அவர், முடிவெடுத்தது வேறு யாரோ. 2024 டிசம்பரில்தான் முதல் முறையாக அவரே தேர்ந்தெடுத்தார்: நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸ், 15 வருடம், 765 மில்லியன் டாலர். அன்றைக்கு அவரைப் பேராசைக்காரர் என்று திட்டியவர்கள் ஏராளம். எனக்கு அது கோபத்தைத்தான் வரவைத்தது. பதினாறு வயதிலிருந்து கையெழுத்துப் போட்ட இடத்திலும், அனுப்பிய இடத்திலும் ஆடிய மனிதர் அவர். 26 வயதில், வாழ்க்கையில் ஒரு தடவை, எங்கே வாழ வேண்டும் என்று தானே சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டுமே.

இந்த உரிமையும் சும்மா வந்துவிடவில்லை. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட் என்ற அவுட்ஃபீல்டரை ஃபிலடெல்ஃபியாவுக்கு ட்ரேட் செய்தது. போக மாட்டேன் என்று அவர் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972இல் 5-3 என்று தோற்றார். அவர் ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே, 1971இல், முடிந்துபோயிருந்தது. 1975 டிசம்பரில் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு பந்துவீச்சாளர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் தந்த தீர்ப்புதான் கதவைத் திறந்தது. ஃப்ளட் அந்தக் கதவுக்குள் நுழையவே இல்லை. இன்றைக்கு 700 மில்லியன், 765 மில்லியன் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

அப்புறம் வதந்தி. வதந்தியால் லாபம் அடைவது யார் என்று முதலில் பாருங்கள். ஏஜென்ட்டுக்கு விலையை ஏற்ற இன்னொரு போட்டியாளர் இருப்பது போலத் தெரிய வேண்டும். அணிக்கு, "நாங்களும் முயற்சி செய்தோம்" என்று ரசிகர்களிடம் சொல்ல வேண்டும். செய்தியாளருக்கு மற்றவர்களைவிட ஒரு நிமிடம் முந்த வேண்டும். 2023 டிசம்பர் 8 அன்று நடந்தது இதுதான். ஜப்பான் நட்சத்திரம் ஷோஹெய் ஓதானி டொரான்டோ அணியில் சேர விமானத்தில் போய்க்கொண்டிருக்கிறார் என்று செய்தி பரவியது. தெற்கு கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய ஒரு தனி விமானத்தை ஆயிரக்கணக்கானோர் வரைபடத்தில் பின்தொடர்ந்தார்கள். கனடா ரசிகர்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். விமானம் இறங்கியதும் பார்த்தால், உள்ளே இருந்தவர் ராபர்ட் ஹெர்ஜாவெக் என்ற தொழிலதிபர். ஓதானி கலிஃபோர்னியாவிலேயேதான் இருந்தார். மறுநாள் இன்ஸ்டாகிராமில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் என்று அவரே அறிவித்தார்.

பத்து வருடத்துக்கு 700 மில்லியன் டாலர் என்ற ஓதானியின் அந்த ஒப்பந்தத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. பத்து வருடமும் அவர் கைக்கு வருவது ஆண்டுக்கு 2 மில்லியன்தான். மீதி 680 மில்லியன் 2034 முதல் 2043 வரை, வட்டி இல்லாமல். அதனால் அணியின் வரிக் கணக்கில் அது ஆண்டுக்குச் சுமார் 46 மில்லியன் என்றுதான் ஏறுகிறது. தலைப்பில் போடுகிற தொகையும் உண்மையான மதிப்பும் ஒன்றல்ல. எப்போது பணம் வருகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

இப்போது கொரேயா. போர்ட்டோ ரிக்கோக்காரர். அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2012 டிராஃப்டில் முதல் ஆளாக ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் எடுத்த ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவர். 2014இல் மைனர் லீக்கில் மூன்றாவது பேஸுக்குள் சறுக்கும்போது வலது கால் எலும்பு முறிந்தது, அறுவை சிகிச்சை செய்து உலோகத் தகடு வைத்தார்கள். அடுத்த வருடமே மேஜர் லீக்குக்கு வந்து சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். அந்தத் தகடு காலுக்குள்ளேயே இருந்தது, யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2022 டிசம்பர் 13. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுடன் 13 வருடம், 350 மில்லியன் டாலர் என்று செய்தி. அதற்கு ஒரு வாரம் முன்புதான் யாங்கீஸ் நட்சத்திரம் ஆரோன் ஜட்ஜ் ஜயன்ட்ஸுக்குப் போகிறார் என்று வந்த செய்தி சில நிமிடத்தில் பொய்யாகி, அவர் யாங்கீஸிலேயே தங்கினார். அந்த ஏமாற்றத்தில் இருந்த ஊருக்கு கொரேயா பெரிய ஆறுதல். 20ஆம் தேதி பத்திரிகையாளர் சந்திப்பு ஏற்பாடாகியிருந்தது. தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது தள்ளிவைத்தார்கள். மெடிக்கலில், அதாவது கையெழுத்துக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில், அந்தப் பழைய கால் சிக்கலாகியிருந்தது.

அன்றிரவே ஏஜென்ட் ஸ்காட் போராஸ் மெட்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் கோஹனிடம் பேசினார். கோஹன் அப்போது ஹவாயில் இருந்தார். விடிவதற்குள் 12 வருடம், 315 மில்லியன். நியூயார்க் ரசிகர்கள் தூங்கி எழுந்தபோது கொரேயா அவர்களுடைய மூன்றாவது பேஸ்மேன். அதற்கப்புறம் மெட்ஸும் மெடிக்கல் பார்த்தது. ஜயன்ட்ஸ் கேட்ட அதே கணுக்கால் நிபுணரிடம் இவர்களும் கேட்டார்கள். பதிலும் அதே திசையில்தான் வந்தது. கிறிஸ்துமஸ் போய், புத்தாண்டும் போனது. கடைசியில் 2023 ஜனவரி 10 அன்று, முந்தைய வருடம் அவர் ஆடிய மினசோட்டா ட்வின்ஸே 6 வருடம், 200 மில்லியனுக்குப் பேசி முடித்தது. மெடிக்கலிலும் தேறினார்.

ஒரே கால், மூன்று அணி, மூன்று முடிவு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். மருத்துவரிடம் "இன்றைக்கு இவரால் ஓட முடியுமா?" என்று யாரும் கேட்கவில்லை. முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டது "பத்தாவது வருடம் ஓட முடியுமா?" என்பதை. 13 வருட ஒப்பந்தம் அவரை 41 வயது வரை கொண்டுபோகும். ட்வின்ஸ் அந்தப் பின்பாதியையே வெட்டி எறிந்தது. ஆறு வருடம் உறுதி, அதற்குமேல் அவர் போதுமான ஆட்டம் ஆடினால் ஒவ்வொரு வருடமாகச் சேரும், மொத்தம் 270 மில்லியன் வரை. பயத்துக்கு விலை வைத்த ஒப்பந்தம் அது. புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதருடைய கால் எலும்பைப் பற்றி ஒரு மாதம் முழுக்க ஊர் கூடி டிவியில் விவாதித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

ட்வின்ஸுக்குப் பலன் கிடைத்ததா? 2004 முதல் பிளேஆஃபில் தொடர்ந்து 18 ஆட்டம் தோற்ற அணி அது. 2023 அக்டோபரில் டொரான்டோவுக்கு எதிராக அந்தச் சாபம் முறிந்தது. முதல் ஆட்டத்தில் பந்தை ஓடி எடுத்து ஹோம் பேஸுக்கு எறிந்து ரன்னைத் தடுத்தவர் கொரேயா. இரண்டாவது ஆட்டத்தில் பந்துவீச்சாளர் சன்னி கிரே திரும்பி எறிய, இரண்டாவது பேஸில் விளாடிமிர் கெரேரோ ஜூனியரைத் தொட்டு அவுட் ஆக்கியவரும் அவரே. அந்த இரண்டு காட்சியையும் தேடிப் பாருங்கள். அப்புறம் பாத வலி வந்தது, ஆட்டங்களைத் தவறவிட்டார், அதுவும் உண்மை.

அந்த 200 மில்லியன் ஒப்பந்தத்தில் தலைப்புச் செய்தி ஆகாத ஒரு வரி இருந்தது. அவர் சம்மதம் இல்லாமல் ட்ரேட் செய்யக் கூடாது. 2025 ஜூலை 31, ட்ரேட் கெடு நாளில் ட்வின்ஸ் அணியை ஆளாளுக்குக் கலைத்துக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் தகவல் மட்டும்தான் வந்தது. கொரேயாவிடம் கேட்க வேண்டியிருந்தது. ஹூஸ்டன் என்றார்கள், சரி என்றார். ட்வின்ஸ் 33 மில்லியன் டாலரையும் கூடவே கொடுத்து அனுப்பியது. தொடங்கிய ஊரிலேயே, இந்த முறை மூன்றாவது பேஸில் நின்றார்.

அதனால் இந்தக் குளிர்காலத்தில் பெரிய ஒப்பந்தச் செய்தி வந்தால் தொகையைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். "மெடிக்கலுக்கு உட்பட்டு" என்று எழுதியிருக்கிறதா, பணம் எந்த ஆண்டில் வருகிறது, ட்ரேட் தடை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஜயன்ட்ஸ் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்த 13 வருடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா? நான் எட்டு வருடத்துக்குப் பேசிப் பார்த்திருப்பேன். உங்கள் பதிலைக் கமெண்டில் எழுதுங்கள்.