வளர்ப்பு வீட்டுப் பிள்ளைகளும் திரைப்படமும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் துப்பறியும் தொடர்கள் பார்ப்பவர்களுக்கு இது பழகியிருக்கும். கொலைகாரன் பிடிபட்டதும் அதிகாரி கோப்பைப் புரட்டுவார். சின்ன வயதில் வளர்ப்பு வீடு வளர்ப்பு வீடாக மாறியவன் என்பார். அவ்வளவுதான், கொலைக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பெற்றோரிடம் இருப்பது ஆபத்து என்று நீதிமன்றம் முடிவுசெய்த குழந்தைகளை அமெரிக்காவில் அரசு பொறுப்பேற்று, வேறு குடும்பங்களிலோ விடுதிகளிலோ தங்கவைக்கிறது. வளர்ப்பு வீடு என்பது இதுதான். அப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் வீட்டில் கவனிப்பாரின்றி விடப்பட்டவர்கள். தவறு செய்தது பெரியவர்கள், சந்தேகப் பார்வை விழுவதோ பிள்ளைகள் மேல். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

ஆவணப்படம் எடுத்து இதை மாற்றலாம் என்று இறங்கினால் முதலிலேயே ஒரு சிக்கல். இந்தப் பிள்ளைகளின் அடையாளத்தைச் சட்டம் காக்கிறது. அது தேவையான காவல்தான். ஆனால் முகத்தை மங்கலாக்கிக் காட்டும்போது, பார்ப்பவர் மனதில் குற்றவாளியின் சாயல் வந்துவிடுகிறது. கதைப்படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நடிகர் தன் முகத்தைக் கடன் கொடுக்கிறார்.

ஆன்ட்வோன் ஃபிஷர் 1959இல் ஒஹாயோவில் ஒரு சிறையில் பிறந்தவர். கிளீவ்லாந்தில் வளர்ப்புக் குடும்பத்தில் கொடுமைகளை அனுபவித்தார், தெருவில் படுத்தார், கடற்படையில் 11 ஆண்டுகள் இருந்தார். அப்புறம் சோனி ஸ்டூடியோவில் காவலாளி வேலை. தன் வாழ்க்கையைத் திரைக்கதையாக அவரே எழுதினார். டென்ஸல் வாஷிங்டன் இயக்கத்தில் 2002இல் அது அவர் பெயரிலேயே படமானது. சட்டென்று கை ஓங்கும் ஓர் இளைஞனை முதலில் காட்டி, அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பொறுமையாகத் தேடுகிற படம். கோப்பில் ஒரே வரியாக இருந்த மனிதர் அதில் முழுதாகத் தெரிகிறார்.

2013இல் வந்த 'ஷார்ட் டெர்ம் 12' படத்தை இயக்கிய டெஸ்டின் டேனியல் கிரெட்டன், இப்படிப்பட்ட விடுதியொன்றில் வேலை பார்த்தவர். படம் நடப்பதும் அப்படியொரு விடுதியில்தான். அங்கே புதிதாகச் சேரும் ஊழியர் பிள்ளைகள் முன் நின்று, வசதியற்ற குழந்தைகளோடு வேலை செய்ய ரொம்ப நாள் ஆசை என்கிறார். 18 வயதாகி விடுதியை விட்டுப் போகவிருக்கும் மார்க்கஸுக்குச் சுர்ரென்று கோபம் வருகிறது. எங்களை அப்படிச் சொல்ல நீ யார் என்று எகிறுகிறான். பயம் மட்டுமல்ல, பரிதாபமும் ஒருவனைச் சிறுமைப்படுத்தும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

இந்தப் படங்களைத் திரையிடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அப்படி வளர்ந்த இளைஞர்களை மேடைக்கு அழைத்து, அம்மா ஏன் விட்டுவிட்டார் என்று கேட்காதீர்கள். படத்தில் எது உண்மை, எது ஒட்டவில்லை என்று கேளுங்கள். புதிதாகப் படம் எடுக்கிறவர்கள், கதை விவாதத்திலேயே, முறையான சம்பளத்தோடு, அவர்களை உட்காரவையுங்கள்.