டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஐந்து மேடுகள்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே நடக்கும் காம்ரேட்ஸ் மாரத்தானைப் பற்றிப் பேச வரவேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, வேகமாக ஓடி வெள்ளிப் பதக்கம் வாங்கியவர்கள் நம் ஊரில் இருக்க, எப்போதும் கடைசிக் கூட்டத்தோடு வந்து சேருகிற என்னை எதற்காகக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "முன்னால் ஓடுகிறவர்கள் வழியைப் பார்ப்பதில்லை, நீங்கள்தான் பன்னிரண்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டே வருகிறீர்கள்" என்றார்கள். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

நேயர்களில் பெரும்பாலோர் டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க்குக்குக் காரில் போயிருப்பீர்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திருமணத்துக்கோ, புனித வெள்ளியன்று தீமிதி பார்க்கவோ போகிற அவசரத்தில் வழியில் மேடு இருந்ததாகவே பலருக்கு நினைவிருக்காது. ஏனெனில் மேட்டை ஏறுவது நீங்கள் அல்லர், இயந்திரம். அதே தூரத்தைப் பழைய சாலை வழியாகக் கால்களால் கடக்கும்போதுதான் தென்னாப்பிரிக்காவில் நமது நேட்டால் மாகாணத்து நிலம் எப்படி மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது என்பது தெரிகிறது. காம்ரேட்ஸ் ஓட்டத்தை ஒரு வருடம் டர்பனிலிருந்து மேலே, மறு வருடம் மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கீழே என்று திசையை மாற்றி மாற்றி நடத்துவது வழக்கம். மேலே போகும் ஆண்டில் 86, 87 கிலோமீட்டர். கீழே வரும் ஆண்டில் ஏறத்தாழ 90. சாதாரண மாரத்தான் 42 கிலோமீட்டர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது இரண்டு மாரத்தான்களுக்கு மேல் என்று விளங்கும். இதற்குத் தரப்படுவது பன்னிரண்டு மணி நேரம்.

முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்து நடந்தே அலைந்த விக் கிளாஃபம் என்பவர், உடனிருந்து மடிந்த தோழர்களின் நினைவாக இதைத் தொடங்கினார். 1921ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் 34 பேர் புறப்பட்டு 16 பேர் வந்து சேர்ந்தார்கள். இப்போது அந்த 34 என்னும் எண்ணைக் கழிப்பறை வரிசையில் மட்டுமே காணலாம். புறப்படும் கூட்டம் பல்லாயிரம்.

பெரிய மேடுகள் ஐந்து என்பார்கள். மேலே போகும் ஆண்டின் வரிசையில் கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இஞ்சாங்கா, கடைசியில் பாலி ஷார்ட்ஸ். ஐந்து என்று எண்ணியவர் காரில் போனவராகத்தான் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. டர்பன் மாநகர மண்டபத்திலிருந்து புறப்பட்டு, சூரியன் எழுவதற்கு முன்பே டோல்கேட் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. அது கணக்கில் இல்லை. பாலி ஷார்ட்ஸுக்குச் சற்று முன்னால், இதுதான் அது என்று நம்மை ஏமாற்றி அழவைக்கிற ஒரு சிறிய மேடு உண்டு. அதுவும் கணக்கில் இல்லை. பாதையின் மிக உயரமான இடம் பாலி ஷார்ட்ஸ் என்றுதான் கேட்கிறவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அம்லாஸ் ரோடு என்ற ஊரருகே, கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே ஏறுகிறோம் என்பதே தெரியாமல் ஏறிவிடுகிறோம். பாலி ஷார்ட்ஸின் கொடுமை உயரத்தில் இல்லை. அது வந்து நிற்கும் நேரத்தில் இருக்கிறது. 75 கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்து, நகரம் கண்ணுக்குத் தென்படும் என்று ஆவலோடு வருகிறவன் முன்னால், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்த ஏற்றம் வளைந்து வளைந்து எழுந்து நிற்கும்.

ஆனால் நான் இன்றைக்குப் பேச வந்தது ஏற்றத்தைப் பற்றி அன்று. ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இறக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை, நேயர்களே. நான் பேச வந்தது இறக்கத்தைப் பற்றி.

2011இல் முதன்முறையாக மேலே ஓடி, பதினொன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்தேன். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அடுத்த ஆண்டு கீழே வரும் ஓட்டம். மேலே ஏறியவனுக்குக் கீழே இறங்குவது என்ன பெரிய காரியம் என்று இருந்தது எனக்கு. பயிற்சிக் காலம் முழுவதும் ஏற்றங்களைத் தேடித் தேடி ஓடினேன். எங்கள் சாட்ஸ்வொர்த்தில் ஏற்றத்துக்குப் பஞ்சம் இல்லை. ஏறி முடித்ததும், முட்டிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு, மெல்ல நடந்து இறங்கிவிடுவேன். அதாவது, எதற்குப் பழகவேண்டுமோ அதை ஒரு நாளும் பழகவில்லை.

2012 ஜூன் 3. முற்பகல் முழுவதும் நன்றாகவே போயிற்று. இஞ்சாங்காவைத் தாண்டி, பாதி வழியான டிரம்மண்டில் ஆர்தரின் இருக்கை என்று வழங்கும் மண்கரைக் குழிவுக்கு முன்னால் நின்று, எல்லாரையும் போல ஒரு பூவை வைத்து, "காலை வணக்கம், ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தப் பந்தயத்தை ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் அங்கே உட்கார்ந்து இளைப்பாறுவார் என்பது செவிவழிச் செய்தி. வணங்கிப் போனால் பின்பாதி நன்றாக அமையும் என்பது நம்பிக்கை. எனக்கு அது பலிக்கவில்லை என்று ஆர்தர் மீது பழி போட நான் தயாராக இல்லை. போத்தாஸ் மேட்டையும் ஏறி முடித்து, குளூஃப் ஊரைக் கடந்து ஃபீல்ட்ஸ் மேட்டின் தலையில் நின்றபோது, முடிவுக்கு இருபது கிலோமீட்டர் போல மிச்சம் இருந்தது. கீழே பைன்டவுன் தெரிந்தது. மூன்று கிலோமீட்டர் தூரம் ஒரே இறக்கம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஆசை வந்தது. கால்களை விட்டுவிட்டேன்.

அந்த இறக்கத்தில் சரக்கு லாரிகள் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கும்போது எழுந்த கருகல் வாடை உங்களுக்கு நினைவிருக்கலாம். அதேதான் தொடைக்குள்ளும் நடக்கிறது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி நம்மைத் தூக்குகிறது. இறங்கும்போதோ, ஒவ்வோர் அடியிலும் உடல் பாரம் முழுவதையும் தாங்கி, நாம் முன்னால் விழுந்துவிடாமல் பிரேக் போட்டுக்கொண்டே அந்தத் தசை நீள வேண்டியிருக்கிறது. சுருங்க முயலும்போதே இழுபடுகிற தசையின் நுண்ணிய இழைகள் அங்கங்கே சிதைகின்றன. கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் மூச்சு வாங்குவதில்லை, நெஞ்சு படபடப்பதில்லை. எல்லாம் சுகமாக இருப்பது போலவே இருக்கும். கிணற்றில் வாளியை விடும்போது கயிற்றை இறுக்கிப் பிடித்துப் பிடித்து இறக்கிப் பாருங்கள். உள்ளங்கை எரிவது வாளி தண்ணீரைத் தொட்ட பிறகுதான்.

எனக்கு வாளி தண்ணீரைத் தொட்ட இடம் பைன்டவுன். சமதளம் வந்ததும் காலைத் தூக்கினேன், வரவில்லை. இரண்டு தொடைகளும் கருங்காலிக் கட்டை. முன்னே இன்னும் கௌவீஸ் மேடு இருந்தது. சாலையோரத்தில் மக்கள் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த புகை வயிற்றைப் புரட்ட, ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து பாட்டுச் சத்தத்தோடு ஒரு பஸ் வந்தது. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன், இது சக்கரம் வைத்த பஸ் அன்று. குறித்த நேரத்தில் முடிக்கவேண்டும் என்று கூட்டமாகச் சேர்ந்து ஓடுகிறவர்களைத்தான் நாங்கள் பஸ் என்போம்; முன்னால் ஓடி வழிநடத்துகிறவர் டிரைவர். அன்று டிரைவராக இருந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு ஜூலு பெரியவர். என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "ஃபீல்ட்ஸில் பறந்தாயா?" என்று கேட்டார். "ஆமாம், பாபா" என்றேன். "கஹ்லே, கஹ்லே" என்றார். மெல்ல, மெல்ல என்று பொருள். அடி நீளத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அவர் கையை உயர்த்தினால் பஸ் முழுவதும் நடந்தது, கையைத் தாழ்த்தினால் ஓடியது. ஏற்றம் என்றால் எல்லாரும் நடை. அதில் வெட்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. கௌவீஸ் மேட்டை அப்படித்தான் கடந்தேன். கிங்ஸ்மீட் மைதானத்தில் நுழையும்போது இன்னும் பத்தொன்பது நிமிடம் மிச்சம் இருந்தது.

பன்னிரண்டு மணி நேரம் முடிகிற நொடியில் என்ன நடக்கும் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். முடிவுக் கோட்டில் ஒருவர், வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு துப்பாக்கியை வெடிப்பார். யார் முகத்தையும் பார்த்து இரக்கப்பட்டுவிடக்கூடாது என்பதற்காகவே முதுகு. அன்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு புல்தரையில் கிடந்தபடி அந்த வெடியைக் கேட்டேன். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது சத்தம் கேட்டு, ஓடிவந்த வேகத்திலேயே மண்டியிட்டவர்களும் இருந்தார்கள். நாள் முழுவதும் ஓடியும் அவர்களுக்குப் பதக்கம் கிடையாது.

வீட்டில் எங்கள் படுக்கையறை மாடியில் இருக்கிறது. மறுநாள் காலை படிக்கட்டைக் கண்டதும் எனக்கு வியர்த்தது. கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, குழந்தைகளைப் போலப் பின்புறமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். அதற்கும் அடுத்த நாள் இன்னும் மோசம். இந்த வலி இரண்டாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். கீழே சமையலறையில் மிளகு ரசம் வைத்துக்கொண்டிருந்த என் ஆயா, அப்போது அவருக்குத் தொண்ணூற்றிரண்டு வயது, திரும்பிப் பார்த்துவிட்டு, "உன் தாத்தா தீ மிதித்த மறுநாள் கரும்பு வெட்டப் போனார்" என்று மட்டும் சொன்னார். ரசத்தை ஊற்றித் தந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, புதிதாக ஓட வருகிற பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: இறங்கிப் பழகுங்கள். தொடக்கத்தில் சிறிய இறக்கம், கொஞ்ச தூரம், பிறகு சற்று அதிகம். ஒருமுறை அளவாக வலி கண்ட தசை, அடுத்த முறை அதே இறக்கத்தில் அவ்வளவாகச் சிதைவதில்லை; அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நீடிக்கும். 2014இல் அப்படிப் பழகிவிட்டு ஃபீல்ட்ஸ் மேட்டில் பாட்டியம்மாளைப் போல் இறங்கினேன். மறுநாள் படிக்கட்டில் முன்பக்கமாகவே இறங்கினேன். இடையில் 2013 இருக்கிறதே என்று கேட்காதீர்கள். மேலே போகும் ஓட்டம், வெயிலும் சூட்டுக் காற்றும் எதிரே. கேட்டோ ரிட்ஜைத் தாண்டி ஓரிடத்தில் நேரம் முடிந்துவிட்டது என்று கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டார்கள். ஏற்றிக்கொண்டு போக வந்தது சக்கரம் வைத்த பஸ்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. வழியெல்லாம் மேசை போட்டு, சிறு பிளாஸ்டிக் பையில் அடைத்த தண்ணீரும், உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கும், ஆரஞ்சுத் துண்டும் தருவார்கள். பையின் மூலையைப் பல்லால் கடித்துப் பீய்ச்சிக்கொள்ள வேண்டும். புதியவர்கள் மூக்கில் பீய்ச்சிக்கொள்வார்கள். கிடைக்கிறது என்பதற்காக மேசைக்கு மேசை குடிக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து மூளை வீங்கும் ஆபத்து உண்டு. 1981ஆம் ஆண்டு இதே காம்ரேட்ஸில் ஒரு பெண்மணி அப்படி மயங்கி விழுந்ததிலிருந்துதான் டிம் நோக்ஸ் என்ற நம் நாட்டு மருத்துவர் ஆராயத் தொடங்கி, 1985இல் சக மருத்துவர்களோடு அதை எழுதி வெளியிட்டார். தாகம் எடுத்தால் குடியுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். இறக்கம் என் நேரத்தையும் தின்றுவிட்டது. நான் எழுதி வந்த தாளில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது, அதில் முக்கியமானதைச் சுருக்கமாகவேனும் சொல்லிவிடுகிறேன். 1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பினத்தவர் ஒன்பதரை மணி நேரத்தில் ஓடி முடித்தார். அது ஏட்டில் ஏறவில்லை. பெண்களுக்கும் வெள்ளையர் அல்லாத எல்லாருக்கும் இந்தப் பந்தயம் முறைப்படி திறந்தது 1975இல்தான். அதற்கு முன், மே 31ஆம் நாள் விடுமுறைகளில், எங்கள் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வெஸ்ட்வில் சாலையோரத்தில் நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். "நாமும் ஓடலாமா, அப்பா?" என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் கையில் ஆரஞ்சுப்பழத்தைக் கொடுத்து, ஓடுகிறவர்களுக்கு நீட்டச் சொன்னார். பலர் வாங்கிக்கொண்டார்கள். இதை விரிவாகச் சொல்லத்தான் வந்தேன். இன்னொரு நாள் அழைத்தால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

இஞ்சாங்காவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பள்ளி வாசலில், சக்கர நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்து கை நீட்டும் குழந்தைகளைப் பற்றியும் சொல்ல நேரமில்லை. அந்த வழியாக ஓடுகிறவர்கள் ஒரு கையையும் விடாமல் தட்டிவிட்டுப் போங்கள்.

இந்த முறை எனக்கு முட்டி இடம் தரவில்லை, ஓடவில்லை. ஓட்டத்தன்று டோல்கேட் அருகே மேசை போட்டு, உப்புத் தூவிய உருளைக்கிழங்கோடு நிற்பேன். நேயர்கள் யாரேனும் வருவதானால் கத்தியும் ஒரு பெரிய பாத்திரமும் கொண்டுவாருங்கள். தோலுரிக்க ஆள் போதவில்லை. வணக்கம்.