ஒரே இரவு, இரண்டு ஒளிப்பதிவுகள்: தமிழ்ச் செய்தி ஊடகங்களில் எதை, எந்த அளவுக்கு நம்பலாம்?

[திரையில்: 30 ஜூன் 2001 என்ற தேதி மட்டும்]

2001ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, நள்ளிரவு கடந்த நேரத்தில், சென்னை மேம்பாலங்கள் கட்டியதில் முறைகேடு நடந்ததாகப் பதிவான வழக்கில் முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதி கைது செய்யப்பட்டார். அன்று சன் தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள், 77 வயதுத் தலைவர் ஒருவரைக் காவலர்கள் இழுத்துச் செல்வதையும் அவர் அலறுவதையும் திரும்பத் திரும்பக் கண்டார்கள். அடுத்து ஜெயா தொலைக்காட்சி, காவல்துறை எடுத்த ஒளிப்பதிவை ஒளிபரப்பியது; அதில் தி.மு.க.வைச் சேர்ந்த மத்திய அமைச்சர்கள் காவலர்களோடு மோதும் காட்சிகள் முன்னுக்கு வந்தன.

இவற்றில் எது பொய் என்று கேட்டால் விடை கிடைக்காது. இரண்டு தரப்பும் அந்த இரவில் உண்மையாகவே நடந்தவற்றைத்தான் காட்டின. எதை முதலில் காட்டுவது, எதைப் பலமுறை காட்டுவது, எதைக் காட்டாமலே விடுவது என்பதில்தான் வேறுபட்டன. ஊடகச் சார்பு என்றதும் பொய்ச் செய்தியைத் தேடுகிறோம். ஆனால் தேர்ந்த செய்தி அறைக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதே இல்லை.

[திரையில்: அலைவரிசைகளின் பெயர்களும் தொடங்கிய ஆண்டுகளும்]

தமிழ்நாட்டில் ஒரு வசதி உண்டு. இங்கே பல அலைவரிசைகளின் சார்பை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சி, கருணாநிதியின் சகோதரி மகன் முரசொலி மாறனின் மகன் கலாநிதி மாறன் நிறுவியது. 1999இல் வந்த ஜெயா தொலைக்காட்சி அ.தி.மு.க.வின் குரலாக இருந்தது. பா.ம.க. சார்பில் மக்கள் தொலைக்காட்சியும், தே.மு.தி.க. சார்பில் கேப்டன் தொலைக்காட்சியும் வந்தன. ஜெயலலிதா மறைந்த பிறகு ஜெயா தொலைக்காட்சி சசிகலா குடும்பத்தார் வசமே இருந்ததால், ஆளும் அ.தி.மு.க. தரப்பு 2018இல் ‘நியூஸ் ஜெ’ அலைவரிசையையும் ‘நமது அம்மா’ நாளிதழையும் தொடங்க வேண்டியதாயிற்று.

ஆனால் உடைமையாளர் யார் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. உறவுகள் மாறும்போது செய்தியும் மாறும். 2007ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை சன் குழுமத்தின் தினகரன் வெளியிட்டது. அன்றே அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு, தீ வைக்கப்பட்டு, ஊழியர்கள் மூவர் உயிரிழந்தனர். அடுத்த சில நாள்களில், சன் நிறுவனரின் தம்பி தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். செப்டம்பரில் கருணாநிதி தரப்பில் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அரசு கேபிள் நிறுவனமும் உருவாயிற்று. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமானது. இந்த ஒன்றரை ஆண்டில், ‘இது தி.மு.க. ஆதரவு அலைவரிசை’ என்ற பழைய கணக்கோடு மட்டும் சன் செய்திகளைப் பார்த்தவர் தவறான முடிவுக்கே வந்திருப்பார்.

கட்சிக் கொடி தெரியாத அலைவரிசைகளைப் பொறுத்தவரை சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டும். 2011இல் தொடங்கிய புதிய தலைமுறை தொலைக்காட்சி, எஸ்.ஆர்.எம். கல்விக் குழுமக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமத்தின் நிறுவனர்தான் இந்திய ஜனநாயகக் கட்சியையும் நிறுவியவர். நியூஸ்18 தமிழ்நாடு இடம்பெறும் நெட்வொர்க்18 குழுமம், 2014இல் ரிலையன்ஸ் வசம் சென்றது. இதனால் அவர்கள் சொல்லும் செய்திகளெல்லாம் பொய்யாகிவிடாது. எந்தச் செய்தியில் அவர்கள் மௌனம் காக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க இது உதவும், அவ்வளவுதான். கல்விக் கட்டணம், தொலைத்தொடர்பு, எரிவாயு என்று உடைமையாளரின் தொழிலைத் தொடும் செய்தி வரும்போது இன்னோர் இடத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

சார்புள்ள ஊடகத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. தி.மு.க.வின் முரசொலியும், மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிரும், திராவிடர் கழகத்தின் விடுதலையும் தாங்கள் யாருடைய ஏடு என்பதை மறைப்பதில்லை. ஒரு மசோதா குறித்து தி.மு.க. என்ன நினைக்கிறது என்பதை அறிய முரசொலியைவிடச் சிறந்த ஆதாரம் இல்லை. அந்த மசோதாவால் மக்களுக்கு நன்மையா என்று அறிய மட்டும் அது போதாது. நடுநிலை என்று நெற்றியில் எழுதிக்கொண்டு, தன் சார்பைச் சொல்லாமல் நடத்தப்படும் விவாத நிகழ்ச்சியைவிட இவை நேர்மையானவை என்பது என் கருத்து.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஓர் ஊடகம் தன் தரப்புக்குப் பாதகமான ஒன்றை ஒப்புக்கொண்டு எழுதினால், அந்தச் செய்திக்குத் தனி எடை உண்டு. கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று எதிர்க்கட்சி ஏடு எழுதுவது எதிர்பார்த்ததே. அதே கூட்டத்தில் நாற்காலிகள் காலியாக இருந்ததைக் கட்சியின் சொந்த ஏடே குறிப்பிட்டால், அதை ஏறக்குறைய உறுதி என்றே கொள்ளலாம். இரு எதிர்த்தரப்பு ஏடுகளை அருகருகே வைத்துப் படிப்பதன் பயன் இதுதான்: இரண்டிலும் பொதுவாக இருக்கும் தகவல் நிலைத்து நிற்கிறது, அவை மோதும் இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

[திரையில்: தமிழ்நாடு, பீகார் வரைபடங்கள்]

2023 மார்ச் மாதத்தில் இந்த வேலையை யாரும் செய்யாததன் விளைவைப் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில வீடியோக்கள் வட இந்தியாவெங்கும் பரவின. அவற்றில் ஒன்று புலம்பெயர் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கிடையே நடந்த மோதல் என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்த தகராறு என்றும் தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் விளக்கினார். அதற்குள் செய்தி பீகார் சட்டமன்றம் வரை போயிருந்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கே வந்து விசாரித்துச் சென்றது. புகழ்பெற்ற இந்தி நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் மீதும் வழக்குப் பதிவானது. அதாவது, பழைமையான, பெரிய நிறுவனம் என்பது மட்டும் காப்பாக அமையவில்லை. நிகழ்ந்த இடத்தில் செய்தியாளர் இருக்கிறாரா என்பதே அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. திருப்பூரில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றைத் திருப்பூர்ப் பதிப்புள்ள ஏடுகள் எதுவும் எழுதவில்லை என்றால், அந்த மௌனமும் ஒரு தகவலே.

கைப்பேசியில் வரும் நியூஸ் கார்டுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். நம்பகமான அலைவரிசையின் சின்னம், எழுத்துரு, நிறம் எல்லாவற்றையும் நகலெடுத்து, ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதாகப் போலி அட்டை தயாரிப்பது தேர்தல் காலங்களில் வழக்கமாகிவிட்டது. அட்டையில் உள்ள தேதியை எடுத்துக்கொண்டு அந்த அலைவரிசையின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் தேடினால், பெரும்பாலானவை சில நிமிடங்களில் அம்பலப்பட்டுவிடும்.

சரிபார்ப்பு நிறுவனங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, பயனுள்ளவையும்கூட. ஆயினும் அவற்றிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2023இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்து, அதுவரை யூடர்ன் என்ற சரிபார்ப்புத் தளத்தை நடத்திவந்தவரையே அதன் இயக்குநராக நியமித்தது. மத்திய அரசும் தன்னைப் பற்றிய செய்திகள் உண்மையா பொய்யா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தன் பிரிவுக்கே அளிக்கும் விதியை அதே ஆண்டில் கொண்டுவந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை ரத்து செய்தது. இயற்கைப் பேரிடர் குறித்த வதந்தியை அரசு மறுத்தால் பெரும்பாலும் ஏற்கலாம். அரசின் மீதே உள்ள குற்றச்சாட்டை அரசே பொய் என்று முத்திரை குத்தினால், அது குற்றம் சாட்டப்பட்ட தரப்பின் பதில் மட்டுமே, தீர்ப்பு அல்ல.

[திரையில்: நிதிநிலை அறிக்கையின் ஒரு பக்கம்]

பல சர்ச்சைகளில் ஊடகங்களைத் தாண்டிச் செல்லும் வழியும் திறந்தே இருக்கிறது. தமிழ்நாட்டின் நிதிநிலை அறிக்கை தமிழிலேயே இணையத்தில் கிடைக்கிறது. அரசாணைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் தேடி எடுக்கலாம். ஒரு திட்டத்துக்கு ஒதுக்கீடு குறைக்கப்பட்டதாக ஓர் அலைவரிசையும் கூட்டப்பட்டதாக இன்னோர் அலைவரிசையும் சொன்னால், முதலில் சென்ற ஆண்டின் தொடக்க மதிப்பீட்டோடு ஒப்பிட்டார்களா, அதைப் பின்னர் திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். இருவரும் ஒரே அட்டவணையின் வெவ்வேறு பத்திகளைப் படித்திருக்கக்கூடும்.