தோற்றவர்கள் வென்ற வாக்கெடுப்பு: ஸ்காட்லாந்து, 2014

[திரையில்: ஒரு வாக்குச்சீட்டு. ஒரே ஒரு கேள்வி, கீழே இரண்டு கட்டங்கள்.]

2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்து வாக்காளர்கள் கையில் வாங்கிய சீட்டில் வேட்பாளர் பெயரும் இல்லை, கட்சிப் பெயரும் இல்லை. "ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?" என்ற கேள்வியும், ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளும் மட்டுமே இருந்தன. ஸ்காட்லாந்து அரசு முதலில் எழுதிய கேள்வி, "என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று முடிந்திருந்தது. அப்படிக் கேட்பதே வாக்காளரை 'ஆம்' பக்கம் சாய்த்துவிடும் என்று தேர்தல் ஆணையம் கூறியதால் அது மாற்றப்பட்டது.

அன்று 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 'இல்லை' என்றவர்கள் 20,01,926 பேர். 'ஆம்' என்றவர்கள் 16,17,989 பேர். சதவீதத்தில் 55.3-க்கு 44.7. ஐக்கிய இராச்சியம் உடையவில்லை. ஆனால் எட்டே மாதத்தில் நடந்த பொதுத்தேர்தலில், வாக்கெடுப்பில் தோற்ற, சுதந்திரம் கோரிய ஸ்காட்டிய தேசியக் கட்சி ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56-ஐ அள்ளிச் சென்றது. இந்த முரண் எப்படி நேர்ந்தது என்பதே இந்தக் காணொளியின் பொருள். அதைப் புரிந்துகொள்ள இரண்டு கோடுகளைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்: ஒன்று, அந்தத் தேசியக் கட்சிக்கு விழும் வாக்கு, மற்றொன்று, சுதந்திரக் கோரிக்கைக்கு இருக்கும் ஆதரவு. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணியவர்கள், லண்டனிலும் சரி, ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவிலும் சரி, மாறிமாறி ஏமாந்திருக்கிறார்கள்.

[திரையில்: 2011]

2011-இல் அலெக்ஸ் சாமண்ட் தலைமையிலான தேசியக் கட்சி, ஸ்காட்டிய நாடாளுமன்றத்தின் 129 இடங்களில் 69-ஐ வென்று தனிப்பெரும்பான்மை பெற்றது. எந்தக் கட்சிக்கும் எளிதில் பெரும்பான்மை கிடைக்காத விகிதாசாரக் கலப்பு முறை அங்கு நடைமுறையில் இருப்பதால், அது எவரும் எதிர்பாராத வெற்றி. ஆனால் கட்சிக்கு 45 சதவீத அளவில் வாக்கு விழுந்த அந்தக் காலத்தில், சுதந்திரத்துக்கான ஆதரவு கருத்துக்கணிப்புகளில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. நான்கு ஆண்டுகள் சிறுபான்மை அரசை ஒழுங்காக நடத்தினார்கள் என்பதற்காக வாக்களித்தவர்களில் பலர், நாடு பிரிய வேண்டும் என்று நினைத்தவர்கள் அல்லர்.

பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் வாக்கெடுப்புக்குச் சம்மதித்ததற்கு இந்தக் கணக்கே பெரிய காரணம். 2012 அக்டோபர் 15 அன்று எடின்பரோவில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, நாளைக் குறிப்பது, கேள்வியை எழுதுவது, 16 வயதினருக்கும் வாக்குரிமை தருவது எல்லாம் சாமண்ட் பக்கம் போயின. கேமரன் பிடிவாதமாக நின்றது ஒன்றில்தான்: சீட்டில் இரண்டு விடைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. பிரியாமலே கூடுதல் அதிகாரம் பெறும் மூன்றாவது வழிக்கு மக்களிடம் நல்ல ஆதரவு இருந்தபோதும் அது சீட்டில் இடம்பெறவில்லை.

பிரிவினைக்கு எதிரான அணியில் கேமரனின் கன்சர்வேட்டிவ் கட்சி, லிபரல் டெமாக்ரட் கட்சி, தொழிற்கட்சி ஆகிய மூன்றும் இருந்தன. ஸ்காட்லாந்தில் கன்சர்வேட்டிவ் பெயருக்கு மதிப்புக் குறைவு என்பதால், பிரசாரத்தின் முகமாக முன்னாள் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் முன்னிறுத்தப்பட்டார். அவர் தொழிற்கட்சிக்காரர். எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்கியது. 2014 பிப்ரவரியில், பிரிந்து போனால் பவுண்டு நாணயத்தைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்தார். தொழிற்கட்சியின் எட் பால்ஸும் அதையே வழிமொழிந்தார். பொருளாதார வாதமாக அது வலுவானதுதான். ஆனாலும் அதைப் பலர் மிரட்டலாகவே கேட்டார்கள். அடுத்து வந்த கருத்துக்கணிப்புகளில் இடைவெளி விரியாமல் சுருங்கியது.

[திரையில்: தெருமுனையில் இரண்டு குளிர்பானப் பெட்டிகள்]

தொழிற்கட்சி எம்.பி. ஜிம் மர்ஃபி, 100 நாளில் 100 ஊர் என்று கிளம்பினார். மேடை கிடையாது, 'அயர்ன் புரு' என்ற உள்ளூர்க் குளிர்பானத்தின் காலிப் பெட்டிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று தெருவில் பேசினார். கர்க்கால்டி என்ற ஊரில் அவர் முதுகில் முட்டை வந்து உடைந்தது. எதிர்ப்பக்கத்தார் தொழிற்கட்சிக்காரர்களுக்கு 'சிவப்பு டோரிகள்' என்று பட்டம் கட்டினார்கள். டோரி என்பது கன்சர்வேட்டிவ்காரரின் மறுபெயர், சிவப்பு தொழிற்கட்சியின் நிறம். வாக்கெடுப்பு முடிந்த பின்னும் அந்தப் பட்டம் அழியவில்லை.

வாக்கெடுப்புக்குப் பதினொரு நாள் முன்பு, முடிவு செய்யாதவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 'ஆம்' 51 சதவீதம் என்று யூகவ் நிறுவனத்தின் கணிப்பு வெளியானது. லண்டன் கலங்கிப் போனது. மூன்று கட்சித் தலைவர்களும் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தை விட்டுவிட்டு வடக்கே பறந்தார்கள். செப்டம்பர் 16 அன்று 'டெய்லி ரெக்கார்ட்' நாளிதழின் முதல் பக்கத்தில், பழைய ஓலை போன்ற பின்னணியில், கூடுதல் அதிகாரம் தருவோம் என்ற உறுதிமொழி கேமரன், தொழிற்கட்சியின் மிலிபாண்ட், லிபரல் டெமாக்ரட் கட்சியின் கிளெக் ஆகிய மூவரின் கையெழுத்துடன் வந்தது. வாசலில் நிறுத்திவைத்த அந்த மூன்றாவது வழி கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

32 உள்ளாட்சிப் பகுதிகளில் 'ஆம்' வென்றவை நான்குதான்: கிளாஸ்கோ, டண்டி, மேற்கு டன்பார்ட்டன்ஷயர், வடக்கு லனார்க்ஷயர். நான்கில் பெரும்பகுதி தலைமுறை தலைமுறையாகத் தொழிற்கட்சிக்கு வாக்களித்து வந்த உழைக்கும் மக்களின் பகுதிகள். வாக்கெடுப்பில் வென்ற அணியில் நின்ற கட்சி, தன் சொந்தக் கோட்டைகளில் தோற்றுப்போயிருந்தது.

[திரையில்: 2015 மே, ஒரே நிறமாக மாறும் வரைபடம்]

இனி வருவது கூட்டல் கழித்தல் கணக்கு. வெஸ்ட்மின்ஸ்டர் எனப்படும் லண்டன் நாடாளுமன்றத்துக்கான தேர்தலில், இந்தியாவில் உள்ளதைப் போலவே, தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவர் வெல்வார். 'ஆம்' என்ற 45 சதவீதத்தினர் ஏறக்குறைய மொத்தமாக ஒரே கட்சிக்குப் பின்னால் திரண்டார்கள். 'இல்லை' என்ற 55 சதவீதத்தினர் மூன்று கட்சிகளாகச் சிதறினார்கள். தேசியக் கட்சி 50 சதவீத வாக்கில் 56 இடங்களைப் பிடித்தது. 41 இடம் வைத்திருந்த தொழிற்கட்சிக்கு மிஞ்சியது ஒன்று. அதற்குள் ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சியின் தலைவராகியிருந்த மர்ஃபியும் சொந்தத் தொகுதியை இழந்தார்.

கோடுகள் இரண்டும் ஒட்டிப்போனதாகத் தோன்றிய காலம் அது. 2016-இல் பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறும் முடிவு, வந்து அவற்றைக் கலைத்தது. ஸ்காட்லாந்தில் 62 சதவீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே நீடிக்க வாக்களித்தும் வெளியேற நேர்ந்தது; சுதந்திர ஆதரவு உடனே பொங்கிவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். மொத்த எண் பெரிதாக அசையவில்லை, ஆட்கள்தாம் இடம் மாறினார்கள். ஐரோப்பாவை விரும்பி முன்பு 'இல்லை' என்றவர்களில் ஒரு பகுதியினர் 'ஆம்' பக்கம் வந்தார்கள். ஐரோப்பாவையும் விரும்பாத 'ஆம்' வாக்காளர்களில் ஒரு பகுதியினர் தேசியக் கட்சியை விட்டு நகர்ந்தார்கள். 2017-இல் கட்சியின் இடங்கள் 35 ஆகச் சரிந்தன.

2022 நவம்பர் 23 அன்று, லண்டன் ஒப்புதல் இல்லாமல் ஸ்காட்டிய நாடாளுமன்றம் மற்றொரு வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்படியானால் அடுத்த பொதுத்தேர்தலையே வாக்கெடுப்பாகக் கருதுவோம் என்றார் ஸ்காட்லாந்தின் முதலமைச்சரும் தேசியக் கட்சித் தலைவருமாக இருந்த நிக்கோலா ஸ்டர்ஜன். கோடுகள் இரண்டும் ஒன்றுதான் என்ற பழைய நம்பிக்கை இம்முறை அவரிடமிருந்து வெளிப்பட்டது. மூன்று மாதத்துக்குள் அவர் பதவி விலகல் அறிவித்துவிட்டார்.

2024 ஜூலைத் தேர்தலில் தேசியக் கட்சிக்குக் கிடைத்த வாக்கு 30 சதவீதம், இடங்கள் 9. சுதந்திர ஆதரவோ அதே காலத்துக் கணிப்புகளில் பெரும்பாலும் 45-க்கும் 50-க்கும் இடையிலேயே நின்றது. 2014-இல் 53.5 சதவீதம் 'ஆம்' சொல்லி, 2015-இல் தன் ஏழு தொகுதிகளையும் தேசியக் கட்சிக்குக் கொடுத்த கிளாஸ்கோ நகரம், ஆறாகச் சீரமைக்கப்பட்டிருந்த தன் தொகுதிகள் அத்தனையையும் இம்முறை தொழிற்கட்சியிடம் திருப்பிக் கொடுத்தது.