எந்த வித்து, எத்தனை லிட்டர்?

(சேலத்தில் சமையல் எண்ணெயும் இதய நலமும் பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குப் போனால் நாம் முதலில் கேட்பது, "செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா?" என்பதுதான். இதயத்துக்காகக் கேட்க வேண்டியது வேறு: எந்த வித்து, மாதம் எத்தனை லிட்டர்?

செக்கில் ஆட்டினால் மணம் தங்கும், வைட்டமின் ஈ போன்ற சில சத்துகளும் தங்கும். கொழுப்பின் கூறு மட்டும் மாறாது. மரச்செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 90 அளவுக்கு நிறைவுற்ற கொழுப்புதான். நெய்யில் 60-க்கு மேல், பாமாயிலில் ஏறத்தாழ 50, கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15 அளவு. இந்தக் கொழுப்பு மிகுந்தால், ரத்தத்திலுள்ள எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் உள்ளே இழுப்பது குறைகிறது. இழுக்கப்படாதது ரத்தத்தில் சுற்றிச் சுற்றித் தமனிச் சுவருக்குள் படிகிறது.

பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படி கிடையாது. பாக்கெட்டைத் திருப்பி, சாச்சுரேட்டட் ஃபேட் (நான் சொன்ன நிறைவுற்ற கொழுப்பு), டிரான்ஸ் ஃபேட் (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் கொழுப்பு) என்ற இரண்டு வரிகளைப் படியுங்கள். டிரான்ஸ் ஃபேட்தான் மிக மோசமானது, எல்.டி.எல்.லை ஏற்றி, நல்லதான எச்.டி.எல்.லை இறக்கும். எண்ணெய், வனஸ்பதியில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் நம் நாட்டில் விதி உண்டு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெய்யை நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் பலன் இல்லை. மாவுச்சத்து கூடினால் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு ஏறும். நெய் இருந்த இடத்துக்கு நல்லெண்ணெயோ, ஒரு பிடி வேர்க்கடலையோ, ஏற்காட்டுப் பட்டர் ஃப்ரூட்டோ வரட்டும். மீன் சாப்பிடுபவர்கள் வாரம் இருமுறை மத்தி வாங்குங்கள். அதிலுள்ள ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு விலை உயர்ந்த மீன்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

அளவுக்கு வருவோம். ஒருவருக்கு நாளைக்கு 25 கிராம் என்று வைத்தால், நாலு பேருக்கு மாதம் 3 கிலோ. நெய்யும் இதில் அடக்கம். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் என்பதால், மூன்று பாக்கெட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மாத முதல் தேதியில் வாங்கித் தனியே எடுத்து வையுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்தால் கை தாராளம் என்று தெரிந்துவிடும்.

தட்டுவடை செட்டைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனையாவது முறை காய்ந்த எண்ணெய் என்று பாருங்கள். கறுத்து, பிசுபிசுத்து, வடையைப் போட்டதும் அடங்காமல் நுரைத்து, சீக்கிரமே புகைந்தால் அது சிதைந்த எண்ணெய். அதன்மேல் புது எண்ணெய் ஊற்றினால் புதியதும் சேர்ந்து கெடும். வீட்டில் சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரியுங்கள். மிஞ்சியதை வடிகட்டி, இரண்டு நாளுக்குள் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.